நான்கு கோடுகளின் கதை
உயிரணு மூச்சுவிடும் விதம் அறியப்பட்ட வரலாறு

உண்ட சோறு உடலில் எப்படி வலிமையாக மாறுகிறது? நாம் இழுக்கும் மூச்சுக்கும் அந்தச் சோற்றுக்கும் என்ன தொடர்பு? இவ்வினாக்களுக்கு இன்று உயர்நிலைப் பள்ளி மாணவரும் விடை கூறுவர். உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா எனும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. உணவிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் அங்கே கைமாறிக் கைமாறிச் சென்று, முடிவில் பிராணவாயுவைச் சேர்கின்றன. அவ்வழியில் வெளிப்படும் ஆற்றலே நம்மை இயக்குகிறது என்பர். ஆனால், இவ்விடைக்கான முதல் தடயத்தை ஒருவர் கண்டு சொன்ன பின்னரும், அறிவுலகம் அதனை 35 ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தது என்பதைப் பலர் அறியார்.

அவ்வாறு கண்டு சொன்னவர் சார்லஸ் மக்மன். அயர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரில் தொழில் நடத்திய மருத்துவர் அவர். குதிரை லாயத்தின் மேலிருந்த வைக்கோல் பரணையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, நோயாளிகளைக் கவனித்தது போக எஞ்சிய பொழுதில் ஆராய்ச்சி செய்தார். அவருடைய கருவி நிறமாலைகாட்டி. ஒரு பொருளின் ஊடே வரும் ஒளியை அது வானவில்லின் நிறங்களாகப் பிரித்துக் காட்டும். அப்பொருள் எந்த நிறத்தை விழுங்கியதோ, அந்த இடத்தில் கருங்கோடு விழும்.

பூச்சிகள் முதல் பாலூட்டிகள் வரை பலவகை உயிர்களின் தசைகளை மக்மன் சோதித்தார். நான்கு கோடுகள் கொண்ட ஒரே வரிசை மீண்டும் மீண்டும் தோன்றியது. இது உயிரணுக்களின் மூச்சுக்கு உதவும் ஒரு தனி நிறமி என்று 1886இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார்.

எதிர்ப்பு ஜெர்மனியிலிருந்து வந்தது. பெலிக்ஸ் ஹோப்பே-சைலர் அந்நாளில் உடல் வேதியியல் துறையின் பேராசான். ஹீமோகுளோபின் என்ற பெயரை வழங்கியவரே அவர்தாம். மக்மன் கண்டது புதுப் பொருள் அன்று, ஹீமோகுளோபினிலிருந்து உண்டானதே என்று அவர் தரப்பினர் சாதித்தனர். ஹீமோகுளோபின் இல்லாத பூச்சிகளின் தசையிலும் அக்கோடுகள் தெரிந்ததற்கு இவ்விளக்கம் பொருந்தவில்லை. ஆயினும் 1890இல், தாம் ஆசிரியராக இருந்த இதழில் மக்மனின் மறுப்பை வெளியிட்டபோது, மேற்கொண்டு விவாதம் தேவையில்லை என்ற குறிப்பையும் ஹோப்பே-சைலர் சேர்த்துவிட்டார். விவாதம் அத்துடன் அடங்கியது.

மக்மன் தரப்பிலும் குறை இல்லாமலில்லை. நிறமியைத் தூய்மையாகப் பிரித்தெடுத்துக் காட்ட அவரால் இயலவில்லை. 1911இல் அவர் காலமானார். 1914இல் வெளிவந்த அவருடைய நூல், எதிர்த்தவரின் பெரும் பெயரே தம் கருத்துக்குத் தடையாயிற்று என்பதையும், காலப்போக்கில் இந்நிறமி பாடநூல்களில் இடம்பெறும் என்ற அவர் நம்பிக்கையையும் தாங்கி நின்றது.

அந்த நம்பிக்கையை மெய்ப்பித்தவர் டேவிட் கெய்லின். மாஸ்கோவில் பிறந்த போலந்துக்காரரான இவர், கேம்பிரிட்ஜில் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்துவந்தார். குதிரையின் இரைப்பையில் புழுவாக வளரும் ஒருவகை ஈயில், புழுப்பருவத்து ஹீமோகுளோபின் பின்னர் என்னவாகிறது என்று தேடியபோது, அதே நான்கு கோடுகள் அவர் கண்ணில் பட்டன. ஈஸ்டிலும் அவை இருந்தன. ஈஸ்ட் கரைசலைக் காற்றுடன் சேர்த்துக் குலுக்கினார், கோடுகள் மறைந்தன. அசையாமல் வைத்தார், சற்று நேரத்தில் மீண்டும் தோன்றின. சயனைடு நஞ்சைக் கலந்தபோதோ, எவ்வளவு குலுக்கினாலும் கோடுகள் மறையவில்லை.

இதன் பொருள் என்ன? நிறமியிலுள்ள இரும்பு ஓர் எலெக்ட்ரானைப் பெற்றிருக்கும்போது கோடு தெளிவாகத் தெரிகிறது. அதனைக் கொடுத்துவிட்டால் மங்கிவிடுகிறது. பெறுவதும் கொடுப்பதுமாகிய இத்தொடரின் கடைசியில் நின்று எலெக்ட்ரானை வாங்கிக்கொள்வது பிராணவாயு. சயனைடு அந்தக் கடைசி வாயிலை அடைத்துவிடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருந்தும் சயனைடு உண்டவர் மாண்டுபோவது இதனால்தான். 1925இல் கெய்லின் இந்நிறமிக்குச் சைட்டோகுரோம் என்று பெயரிட்டார். மக்மனுக்கு உரிய பெருமையை அவருக்கே வழங்கினார்.

இத்தொடர் நடைபெறும் இடம் மைட்டோகாண்ட்ரியா என்பதை, 1948-49இல் சிகாகோவில் எலியின் ஈரலை ஆராய்ந்த கென்னடியும் லெனிங்கரும் தெளிவாக்கினர். ஆனால் எலெக்ட்ரான்களின் ஓட்டம், உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. என்னும் பொருளை எவ்வாறு உண்டாக்குகிறது? இடையில் ஏதோ ஓர் இரசாயனப் பொருள் இருக்கவேண்டும் என்று பலரும் ஆண்டுக்கணக்கில் தேடினர், கிடைக்கவில்லை.

1961இல் பீட்டர் மிச்செல் வேறு வழி சொன்னார். எலெக்ட்ரான்களின் ஓட்டம், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்டிப் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, அவை உள்ளே திரும்பும் வேகத்தில் ஏ.டி.பி. உருவாகிறது என்றார். துறையிலிருந்த பலர் இதை ஏற்கவில்லை. உடல்நலம் குன்றிப் பல்கலைக்கழகப் பணியை விட்ட மிச்செல், கார்ன்வால் பகுதியில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, ஜெனிபர் மாயலுடன் ஆய்வைத் தொடர்ந்தார்.

இம்முறை எவருடைய அடிக்குறிப்பும் விவாதத்தை முடித்துவைக்கவில்லை. எதிர்த்தவர்களும் சோதனைக்கூடத்துக்குச் சென்றனர். தொடக்கத்தில் ஐயங்கொண்டிருந்த எப்ரெயிம் ராக்கரே, 1974இல் ஸ்டோக்கெனியஸுடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார். ஒளி பட்டால் புரோட்டானைத் தள்ளும் பாக்டீரிய நிறமியையும், மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த நொதியையும் கொழுப்புக் குமிழிகளில் பொருத்தினர். ஒளி பட்டதும் ஏ.டி.பி. உண்டாயிற்று. இடையில் தேடப்பட்ட இரசாயனப் பொருள் தேவைப்படவே இல்லை. 1978இல் மிச்செல் நோபல் பரிசு பெற்றார். தம் நோபல் உரையின் தலைப்பிலேயே கெய்லினின் பெயரைப் பொறித்தார். ஏ.டி.பி.யை ஆக்கும் நொதி உண்மையாகவே சக்கரம்போல் சுழல்கிறது என்பதும் பின்னர் உறுதியாயிற்று. அதன் இயக்கத்தை விளக்கிய போயரும் வாக்கரும் 1997இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

மக்மன், மிச்செல் இருவருமே பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று உழைத்தவர்கள். இருவருமே பெரியவர்களின் மறுப்பைச் சந்தித்தவர்கள். ஒருவரின் உண்மையைப் பெரும் பெயர் ஒன்று மூடியது. மற்றவரின் உண்மையைச் சோதனை திறந்தது. சொன்னவர் யார் என்று பாராது, சொன்னதில் உண்மை உண்டா என்று பார்க்கச் சொன்னவர் வள்ளுவர். அந்த நெறி தவறியதற்கு அறிவியல் உலகம் கொடுத்த விலை 35 ஆண்டுகள்.