கலுமெற்றின் இத்தாலிய மண்டபம்

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்துச் செப்புச் சுரங்க ஊராகிய கலுமெற்றில், அங்குக் குடியேறிய இத்தாலியரின் பரஸ்பர உதவிச் சங்கம் 1908இல் ஈரடுக்கு மண்டபமொன்றை எழுப்பிற்று. இத்தாலியர்க்கு மட்டுமன்றி ஏனையோர்க்கும் அதன் கதவு திறந்திருந்தது. 1913இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்தம் பிள்ளைகளுக்கான நத்தார் விழாவும் அங்கேதான் நடந்தது.

டிசெம்பர் 24 அன்று மேல்மாடியில் கூட்டம் நிறைந்திருக்க, ‘தீ’ என்றொரு குரல் எழுந்தது. தீயோ எங்கும் இல்லை. படிக்கட்டில் நெரியுண்டு 73 பேர் மாண்டனர். அவருள் 59 பேர் குழந்தைகள். இறந்தோரிற் பெரும்பாலோர் பின்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தினர். குரலெழுப்பியவர் யாரென்பது இன்றளவும் நிலைநாட்டப்படவில்லை.

கதவுகள் உள்நோக்கித் திறந்தமையாலேயே மக்கள் சிக்குண்டனர் என்பர் சிலர். மறுப்பர் வேறு சிலர். கட்டடம் நின்றிருப்பின், நிலையையும் கீலையும் நேரிற் கண்டு ஆராய இடமிருந்திருக்கும். 1984இல் அதனை இடித்துவிட்டனர். வாயில் வளைவொன்றே அங்கு எஞ்சி நிற்கின்றது.