வின்செஸ்டர் 1895

வின்செஸ்டர் 1895 என்பது அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் தயாரித்த, நெம்புகோல் இயக்க வேட்டைத் துப்பாக்கி ஆகும். இதனை ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்தார். தமிழக, கர்நாடகக் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளை வேட்டையாடிய எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்தியதால், இத்துப்பாக்கியின் .405 வகை தென்னிந்தியாவில் பெயர் பெற்றது.

வரலாறு

இத்துப்பாக்கி 1895 முதல் 1940 வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் செய்யப்பட்ட நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டவற்றில் பெரும்பகுதி, முதல் உலகப் போரின்போது உருசியப் பேரரசின் படைக்காகச் செய்யப்பட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூசவெல்ட், 1909-1910 இல் மேற்கொண்ட கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்தில் .405 வகையைக் கொண்டுசென்றார். பிற்காலத்தில் இதன் மறுபதிப்புகள் சப்பானில் தயாரிக்கப்பட்டன.

அமைப்பு

விசைக்குக் கீழுள்ள வளையமே நெம்புகோலாகச் செயற்படுகிறது. அதனைக் கீழ்நோக்கித் தள்ளும்போது பழைய தோட்டாக்கூடு மேற்புறமாக வெளியே எறியப்படுகிறது. மீண்டும் மேலே இழுக்கும்போது புதிய தோட்டா குழலுக்குள் செல்கிறது.

முந்தைய வின்செஸ்டர் வகைகளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்முனைக் குண்டுகளை அவ்வாறு அடுக்கினால், பின்னுள்ள குண்டின் முனை முன்னுள்ள தோட்டாவின் வெடிமூடியைத் தாக்கி வெடிக்கச் செய்யும் ஆபத்து உண்டு. 1895 வகையில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பெட்டி அமைக்கப்பட்டதால் இவ்வாபத்து நீங்கியது. ஆற்றல் மிக்க நீண்ட தோட்டாக்களையும் பயன்படுத்த முடிந்தது.

.405 தோட்டா

இத்தோட்டா 1904 இல் அறிமுகமானது. இதன் குண்டு 10.4 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 19.4 கிராம் எடையும் உடையது. நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் செல்வது. தடித்த, மழுங்கிய முனையால் தொலைவு கூடும்போது வேகம் விரைந்து குறையும். எனவே இது அடர்ந்த காட்டில் அணுக்கத் தொலைவுச் சூட்டிற்கே ஏற்றது. புலி, சிறுத்தை ஆகியவற்றிற்குப் போதுமான இத்தோட்டா, யானை போன்ற தடித்த தோலும் எலும்பும் உடைய விலங்குகளில் போதிய ஆழம் ஊடுருவுவதில்லை.

தெரிவும் பொருத்துதலும்

அக்கால இந்திய வேட்டைக்காரர்களுக்கு மூன்று தெரிவுகள் இருந்தன. இரட்டைக்குழல் துப்பாக்கி இரண்டு குண்டுகளை மிக விரைவாகச் சுடும். ஆனால் விலை மிகுந்தது. தாழ்ப்பாள் இயக்கத் துப்பாக்கி துல்லியமானது. ஆனால் ஒவ்வொரு சூட்டிற்கும் கையை விசையிலிருந்து எடுத்துத் தாழ்ப்பாளை இயக்க வேண்டும். நெம்புகோல் வகை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. காயம்பட்ட புலி பாயும்போது அடுத்த குண்டு உடனடியாகத் தேவைப்படுவதால் இவ்வேறுபாடு உயிர் தொடர்பானதாக இருந்தது.

கூடுகள் மேற்புறமாக வெளியேறுவதால் இதன் மேல் தொலைநோக்கியைப் பொருத்துவது கடினம். ஆகவே திறந்த குறிகாட்டியோ, பக்கவாட்டில் பொருத்தும் துளைக் குறிகாட்டியோ பயன்பட்டது. பின்னுதைப்பு வலிமையானது என்பதால் அடிக்கட்டையின் நீளமும் சாய்வும் சுடுபவரின் தோளுக்குப் பொருந்துவது தேவை. இரவில் பரண் மீது காத்திருப்போர் குழலுடன் மின்கைவிளக்கைப் பொருத்துவது வழக்கம்.

தமிழகத்தில்

இவ்வகைத் துப்பாக்கி புகழ்பெற்றது கடலூர், சிதம்பரம் போன்ற கடலோரச் சமவெளிகளில் அன்று. அன்றைய சேலம் மாவட்டத்தின் மலைக்காடுகளிலேயே ஆகும். ஆண்டர்சனின் (1910-1974) முதல் நூல் 1954 இல் வெளிவந்தது. தேன்கனிக்கோட்டைப் பகுதியிலுள்ள ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலி அதில் இடம்பெறுகிறது. இன்று இவ்வூர் கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது.

சட்டநிலை

1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் இத்தகைய வேட்டைக்கு முடிவு கட்டியது. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட புலியைக் கொல்லவும் மாநிலத் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளரின் எழுத்து வழி ஆணை வேண்டும்; அதனைப் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ இயலாது என அவர் உறுதி செய்திருக்க வேண்டும். 2021 இல் நீலகிரி மாவட்டத்தில் டி23 எனப்பட்ட புலிக்கு எதிராக வேட்டை ஆணை பிறப்பிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதனை உடனடியாகக் கொல்ல வேண்டாம் என்றது. அப்புலி மசினகுடி அருகே மயக்க ஊசி செலுத்தப்பட்டு உயிருடன் பிடிக்கப்பட்டது.

துப்பாக்கி வைத்திருப்பதை 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்பிற்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும், தற்காப்பு, விளையாட்டு ஆகியவற்றிற்குப் புரியற்ற குழலுடைய துப்பாக்கிக்கும் இச்சட்டம் தனி வழி வகுக்கிறது. புரியுடைய குழல் கொண்ட வின்செஸ்டர் 1895 போன்றவற்றிற்கு, தக்க காரணம் உண்டு என உரிமம் வழங்கும் அலுவலர் ஏற்க வேண்டும். கடலூர், சிதம்பரம் பகுதியினர் இதற்காக மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வேட்டை தடை செய்யப்பட்டுள்ளதால் அது ஏற்கத்தக்க காரணம் ஆகாது.

இவற்றையும் பார்க்க

கென்னத் ஆண்டர்சன்
ஜிம் கார்பெட்
காவிரி வடக்கு காட்டுயிர் உய்விடம்