வெப்பமும் கைக்கடிகாரமும்: சுருள்வில்லின் வரலாறு காட்டும் பழுது

பழைய கைக்கடிகாரம் ஒருநாள் முந்தியும் மறுநாள் பிந்தியும் ஓடுமாயின், உலர்ந்த எண்ணெயையோ காந்தமேறிய சுருள்வில்லையோ ஐயுறுதல் வழக்கம். அவை சீர்செய்யப்பட்ட பின்னரும் பிழை நீடித்தால், உறுப்புகளின் காலத்தை ஆராய்தல் வேண்டும்.

1675இல் ஹைகன்ஸ் வெளியிட்ட சுருள்வில், பேலன்ஸ் சக்கரத்தின் ஆட்டத்தைச் சீராக்கியது. ஆயினும் எஃகு வில் வெப்பத்தால் மீள்திறன் குன்றும். ஒரு பாகை செல்சியஸ் உயர்வுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 வினாடி பிந்தும். இதனை ஈடுசெய்யவே, உட்புறம் எஃகும் வெளிப்புறம் பித்தளையுமாக இணைத்து, விளிம்பை இரண்டிடத்தில் வெட்டிய சக்கரம் உருவாயிற்று. சூடேறுகையில் பித்தளை மிகுதியாக விரிவதால் விளிம்பு உள்நோக்கி வளையும், ஆட்டம் விரைவுபடும். ஒரு பிழையை எதிர்ப்பிழையால் அடக்கும் நுட்பமான ஏற்பாடு இது.

இந்நிலையை மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் ஃப்ளூரியே ஊரில் பிறந்த கியோம். பாரிசை அடுத்த பன்னாட்டு எடை, அளவைப் பணியகத்தில் அவர் 1896இல் இன்வார் கலவையைக் கண்டறிந்தார். அவர் தேடியது நீள அளவுகோலுக்கு உகந்த மலிவான உலோகத்தையே. கடிகாரத்துக்கு அது தற்செயலான பேறு. தொடர்ந்து வந்த எலின்வார், வெப்பத்தால் மீள்திறன் பெரிதும் மாறாதது. 1920இல் அவருக்கு நோபெல் பரிசு கிட்டியது. புதிய வில்லுக்கு வெட்டுச் சக்கரம் தேவைப்படவில்லை.

இவ்வரலாற்றை அறியாது, வெட்டுச் சக்கரமுடைய கடிகாரத்தில் பிற்காலக் கலவை வில்லைப் பொருத்தினால், அடக்குவதற்குப் பிழை இல்லாமலே சக்கரம் வளையும். அத்தகைய கடிகாரம் வெயிலில் முந்தும், குளிரில் பிந்தும். வெட்டில்லாச் சக்கரத்தில் எஃகு வில் இருப்பின் நிலைமை நேரெதிர். எனவே சூட்டிலும் குளிரிலும் தனித்தனியே ஓடவிட்டு நோக்குவதே, எந்த உறுப்பு பின்னாளில் மாற்றப்பட்டது என்பதற்கான முதற் சான்றாகும்.