பட்டாளத்திலிருந்து நேரே எம்.பி.ஏ.வுக்கா? தூத்துக்குடித் துறைமுகத்தை முன்வைத்து

சுங்கத் தரகர் உரிம ஒழுங்குமுறைகள், 2018, உரிமம் கேட்டு வரும் பட்டதாரியிடம் ஒரு கூடுதல் தகுதியையும் எதிர்பார்க்கின்றன. எம்.பி.ஏ., சி.ஏ., சட்டப் படிப்பு போன்ற தொழிற்படிப்பு ஒன்று இருக்கலாம். அது இல்லாவிட்டால், தரகரிடம் வேலை செய்யும் தேர்ச்சி பெற்ற பணியாளருக்கான ஜி கார்டு வைத்துக்கொண்டு சுங்க வேலையில் குறைந்தது இரண்டு ஆண்டு பழகியிருந்தாலும் போதும். தேர்வு இருவருக்கும் ஒன்றே. இந்தத் தொழில் செய்பவர்களைத் தூத்துக்குடியில் இன்றும் பழைய பெயரில் 'சி.எச்.ஏ.' என்றே சொல்கிறார்கள். மேலாண்மைப் படிப்பையும் துறைமுக அனுபவத்தையும் அரசே சரிக்குச் சரியாக வைத்திருக்கும் அரிதான இடம் இது. படையிலிருந்து ஓய்வு பெற்று இந்தக் கரைக்குத் திரும்பும் ஒருவர் உடனே எம்.பி.ஏ. படிக்கலாமா என்று கேட்டால், விவாதத்தை இங்கிருந்து தொடங்குவதே பொருத்தம். இரண்டும் சமம் என்றால் எது முதலில் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. பெரும்பாலோருக்கு வேலை முதலில், படிப்பு பிறகு என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு ஒரு முக்கியமான விலக்கும் உண்டு.

'முன்னாள் படைவீரர்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வகையினர் இருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்துச் சிப்பாயாகச் சேர்ந்து, பதினைந்து பதினேழு ஆண்டு கழித்து முப்பத்தைந்து வயதை ஒட்டிப் பென்ஷனோடு வருபவர் ஒருவர். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் தேறி, குறுகிய காலப் பணியில் பத்து ஆண்டோ பதினான்கு ஆண்டோ இருந்துவிட்டு, பென்ஷன் இல்லாமல் வருபவர் இன்னொருவர். மூன்றாமவர் அக்னிவீரர். 2022இல் அறிவிக்கப்பட்ட திட்டப்படி நான்கு ஆண்டு முடிந்ததும் நான்கில் மூன்று பங்கினர் வெளியே வருவார்கள். அவர்கள் கையில் இருப்பது சேவா நிதியாக ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய். பென்ஷனும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை.

அதிகாரியின் கணக்கில் குழப்பம் குறைவு. பட்டம் பெற்ற பிறகே பணியில் சேர்ந்ததால் அவருடைய அனுபவம் முழுவதும் எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் செல்லும். முன்னணி இந்திய மேலாண்மைக் கழகங்களின் இரண்டாண்டுப் படிப்புக்குக் கட்டணம் மட்டுமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆனால் மறுவாழ்வு இயக்குநரகம் அதிகாரிகளுக்காக அதே கழகங்களில் நடத்தும் 24 வாரப் படிப்பின் கட்டணத்தில் 60 விழுக்காட்டைப் பாதுகாப்பு அமைச்சகமே ஏற்கிறது. அதையும் பணியின் கடைசிக் கட்டத்திலேயே முடித்துவிடலாம். அந்த வாய்ப்பைக் கைவிட்டு இரண்டு ஆண்டு வருமானத்தை இழக்க வேண்டுமானால் வலுவான காரணம் வேண்டும்.

சிக்கல் சிப்பாயிடமும் அக்னிவீரரிடமும்தான். பதினைந்து ஆண்டு பணி முடித்தவருக்குத் தரப்படும் பட்டதாரிக்கு இணையான சான்றிதழ் அரசின் 'சி' பிரிவு வேலைகளுக்கே செல்லும். மேற்படிப்புக்கு அது பட்டம் ஆகாது. பணியில் இருந்துகொண்டே தொலைநிலையில் பட்டம் வாங்கியவர்களுக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. அகமதாபாத் கழகத்தின் ஓராண்டுப் படிப்பு போன்றவை, பட்டம் பெற்ற பிறகான நான்கு ஆண்டு அனுபவத்தைக் கேட்கின்றன. முப்பத்து மூன்று வயதில் பி.ஏ. முடித்த ஹவில்தாருக்கு, அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டு எல்லைக் காவலும் கிடங்குக் கணக்கும் அந்த விண்ணப்பத்தில் கணக்கில் வராது. அக்னிவீரருக்கு முதலில் வேண்டியது பட்டமே. சேவா நிதியைக் கையில் வைத்துக்கொண்டு எம்.பி.ஏ. பற்றி இன்றே பேசுவது அவசரம்.

இனித் துறைமுகத்துக்குள் போவோம். திருப்பூர், கரூர் ஜவுளியும் கடலுணவும் ஏற்றிய கன்டெய்னர்களில் பெரும்பகுதி ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே தாய்க் கப்பலுக்கு மாறுகிறது. கன்டெய்னர் நிலைய வாசலில் ஒருவர் சீல் எண்ணை ஷிப்பிங் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஓர் இலக்கம் மாறியிருந்தால் பெட்டி நின்றுவிடும். மாலைக்குள் திருத்தம் வராவிட்டால் ஃபீடர் போய்விடும். கொழும்பில் தாய்க் கப்பலும் தப்பும். வாங்குபவர் விலையைக் குறைப்பார். இறால் பெட்டியென்றால் மின்சார இணைப்புக்கான வாடகையும் சேரும். ஆர்ட்னன்ஸ் கிடங்கில் இண்டென்ட்டும் இருப்புச் சரிபார்ப்பும் பார்த்துப் பழகியவருக்கு இந்த ஒப்பிடும் வேலை கைவந்த கலை. அவருக்குப் புதிது வேறொன்று: தாமதத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பது. படையில் சரக்கு பிந்தினால் விசாரணை வரும், பில் வராது. துறைமுகத்தில் பில்தான் முதலில் வரும். எம்.பி.ஏ. வகுப்பு இதைப் பாடமாக நடத்தும். டெமரேஜ் எனும் தாமதக் கட்டண ரசீதைக் கையில் வாங்கியவருக்கோ அந்தப் பாடம் நடத்தும்போதே கேட்க நூறு கேள்வி இருக்கும். படிப்பின் பயன் பேராசிரியரிடம் இருப்பதைவிட அந்தக் கேள்விகளிடமே அதிகம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இந்தக் கரையின் பழைய தொழிலே இந்த நிதானத்தை நன்கறிந்திருந்தது. முத்துக்குளிப்பான சலாபத்தை அறிவிக்கும் முன் கடலடியில் சிப்பி வளரும் பார்களைப் பார்வையிட்டு, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, திறந்து, கிடைத்த முத்துக்களை வணிகர்களைக் கொண்டு மதிப்பிடுவார்கள். மதிப்பு தேறினால்தான் சலாபம். பிறகு வணிகர்கள் திறக்காத சிப்பிகளை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுப்பார்கள். சிப்பி முற்ற நான்கைந்து ஆண்டு ஆகும். முன்னதாக எடுத்தால் முத்து சிறுத்திருக்கும், மிகப் பிந்தினால் பாரிலேயே செத்துப்போகும். சலாபங்கள் 1961உடன் நின்றுவிட்டன. ஏலக்காரர் மாதிரி பார்க்காமல் பணம் கட்டியதில்லை. படிப்புக்குக் கட்டப்போகும் பணமும் திறக்காத சிப்பிக்குக் கட்டும் பணம்தான். துறைமுகத்தில் செலவிடும் ஓராண்டு, ஈராண்டே அதற்கான மாதிரி.

எதிர்வாதம் வலுவானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1944இன் அமெரிக்கச் சட்டம் போர் முடிந்து வந்தவர்களை நேராகக் கல்லூரிக்கு அனுப்பியது. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் 1949ஆம் ஆண்டு வகுப்பில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்கள். அவர்களில் பலர் பெருநிறுவனங்களின் தலைமைக்கு உயர்ந்தது வரலாறு. ஆனால் அங்கே கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் அரசு ஏற்றது. மாணவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தார்கள். முப்பத்தாறு வயதில், பிள்ளை ஏழாம் வகுப்பில் படிக்க, தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் நம்மூரில் அந்த ஏற்பாடு இல்லை. அதே 1940களில் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்த பத்து விமானப்படை அதிகாரிகளின் கதையை நம்மவர்கள் அதிகம் சொல்வதில்லை. டெக்ஸ் தார்ன்டன் தலைமையில் 1946இல் சீருடையைக் கழற்றியதும் அவர்கள் நேராக வேலைக்குப் போனார்கள். அவர்களில் ராபர்ட் மக்னமாரா எம்.பி.ஏ. முடித்தது 1939இல், படைக்குப் போவதற்கு முன்பே.

என் வாதத்தில் விலக்கு வைத்தது இன்னோர் எதிர்வாதத்துக்காக. முன்னாள் படைவீரர் என்றாலே காவல் பணிதான் என்று வேலை கொடுப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். முன்னாள் படைவீரர்களுக்காகத் தமிழக அரசு 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்திருக்கிறது. ஆனால் அதில் கிடைப்பது பெரும்பாலும் வாசல்தான். கேட்டில் பத்து ஆண்டு நின்றவரை ஆவணப் பிரிவுக்குள் யாரும் கூப்பிடுவதில்லை. ஆகவே 'முதலில் வேலை' என்ற என் வாதம் ஆவணம், சரக்கு, கப்பல் முகவர் அலுவலகம் போன்ற இடங்களுக்கே பொருந்தும். தொடக்கநிலைப் பணியாளருக்கான எச் கார்டில் தொடங்கி ஜி கார்டுக்கு நகரும் வேலை கிடைத்தால், சம்பளம் குறைந்தாலும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். கிடைப்பது செக்யூரிட்டி வேலை மட்டும் என்றால், பென்ஷன் உள்ளவர் நேராகப் படிக்கப் போவதே புத்திசாலித்தனம். அதுவும் பொது எம்.பி.ஏ.வைவிட, இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் சென்னையிலும் கொச்சியிலும் நடத்திவரும் துறைமுக, கப்பல் மேலாண்மைப் படிப்பு இந்தக் கரைக்காரருக்குப் பொருந்தும்.

இதில் கொள்கை சார்ந்து ஒன்று செய்ய முடியும். மறுவாழ்வு இயக்குநரகத்தின் கட்டண உதவி பெரும்பாலும் பணி முடியும் நேரத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், தொழிலைத் தெரிந்துகொண்டு படிக்க நினைப்பவர் பலருக்கு அது எட்டாமல் போகிறது. வெளியே வந்து மூன்று ஆண்டு வரை அந்த உதவியைக் கோரலாம் என்று விதி மாறினால், அரசுக்குக் கூடுதல் செலவு பெரிதாக இராது. ஐ.என்.எஸ். சில்காவில் 2022 நவம்பரில் சேர்ந்த முதல் கடற்படை அக்னிவீரர்களின் நான்காண்டு 2026 இறுதியில் முடிகிறது. விதியைத் திருத்துவதென்றால் அதற்கு முன் திருத்த வேண்டும். அவர்களுக்குப் பட்டப் படிப்பிலிருந்தே அந்தச் சலுகை தொடங்க வேண்டும்.