முன்னாடியே கண்டுபிடிச்சா பிழைச்சிடலாமா? நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனையின் 40 வருஷக் கதை

ரொம்ப நாளா சிகரெட் பிடிக்கிறவரை அடிக்கடி படம் எடுத்துப் பார்த்தால் நோயை முன்கூட்டியே பிடித்துவிடலாம், ஆளையும் காப்பாற்றிவிடலாம். கேட்க சரியாகத்தானே இருக்கு? அமெரிக்காவில் இதற்கு விடை தெரிய 40 வருஷம் ஆனது.

1971-ல் மின்னசோட்டாவின் மேயோ கிளினிக் இதில் இறங்கியது. நிறையப் புகைக்கும் ஆண்கள் 9,211 பேர், இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு நாலு மாசத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, இப்படி ஆறு வருஷம். இன்னொன்றுக்கு, வருஷம் ஒருமுறை எடுத்துக்கோங்க என்ற ஆலோசனை மட்டும். முதல் பிரிவில் 206 புற்றுநோய்கள் அகப்பட்டன, இரண்டாவதில் 160. நோய் தெரிந்த பிறகு வாழ்ந்த காலமும் முதல் பிரிவில் அதிகம். ஆனால் சாவு குறையவே இல்லை.

அதெப்படி? ஒருவர் 65 வயதில் இறக்கப்போகிறார் என்று வையுங்கள். இருமல் வந்து 63-ல் தெரிந்தால் 'நோயோடு ரெண்டு வருஷம் இருந்தார்' என்போம். எக்ஸ்ரேயில் 60-லேயே தெரிந்தால் அஞ்சு வருஷம். செத்தது என்னவோ அதே 65-ல்தான்! இதுபோக, கடைசிவரை தொந்தரவே தராத கட்டிகளும் கணக்கில் சேர்ந்துவிடும். எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமான பாடம் இதுதான்; சி.டி. வந்ததும் பலர் இதை மறந்தார்கள்.

1999-ல் நியூயார்க்கில் கிளாடியா ஹென்ஷ்கே குழு 1,000 பேரைக் குறைந்த கதிர்வீச்சு சி.டி.யில் பார்த்தது. சி.டி.யில் 27 பேருக்குப் புற்றுநோய் தெரிந்தது, எக்ஸ்ரேயில் 7 பேருக்குத்தான். 2006-ல் அதே குழு, முதல் கட்டத்தில் பிடிபட்டவர்களில் 88% பேர் பத்து வருஷம் பிழைப்பார்கள் என்று எழுதியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவே அதில் கிடையாது. மேயோ விட்ட இடத்துக்கே வந்து நின்றோம். 2008-ல் இன்னொரு குண்டு: ஆய்வுக்குப் பணம் தந்த அறக்கட்டளைக்கு லிகெட் சிகரெட் கம்பெனியின் தாய் நிறுவனம் 36 லட்சம் டாலர் கொடுத்திருந்தது.

இதற்கிடையில் 2002-லேயே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் பெரிய ஆய்வைத் தொடங்கியிருந்தது. 53,454 பேர், வயது 55 முதல் 74, குறைந்தது 30 'பேக்-இயர்', அதாவது தினம் ஒரு பாக்கெட் வீதம் 30 வருஷம். பாதிப் பேருக்கு சி.டி., பாதிக்கு எக்ஸ்ரே, மூன்று முறை. இந்தத் தடவை எண்ணியது பிழைத்த வருஷங்களை அல்ல, சாவை. 2011-ல் வெளியான கணக்கு: சி.டி. பிரிவில் 356, எக்ஸ்ரே பிரிவில் 443. 20% குறைவு. கூடவே, சி.டி.யில் 'சந்தேகம்' என்று வந்தவற்றில் 96% வெறும் பொய் அலாரம்.

2013-ல் அமெரிக்கா இதைப் பரிந்துரைத்தது. 2021-ல் 50 வயது, 20 பேக்-இயர் என்று தளர்த்தியது. நம்ம ஊருக்கு அப்படியே எடுத்துவர முடியாது. காசநோய்த் தழும்பும் சி.டி.யில் முடிச்சு மாதிரியே தெரியும். பீடிக்கட்டை எத்தனை பாக்கெட்டாகக் கணக்குப் போடுவது என்பது இன்னொரு தலைவலி.