பழைய மெஷின் எங்கே போகும்? காவலூரில் தொடங்கி சிகாகோ வரை ஒரு ஹீலியம் கதை

இந்த எபிசோடை நான் வழக்கம்போல ஸ்டுடியோவில் ஆரம்பிக்கவில்லை. வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறி, காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ரெக்கார்டரை ஆன் செய்தேன். பின்னாடி தட்தட்னு கேட்கிறது பார்த்தீங்களா, அது கடையின் தகரக் கூரையில் விழுகிற மழை.

கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "டெலஸ்கோப் பார்க்க வந்தீங்களா தம்பி? இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. மேகம் இறங்கிடுச்சு."

நான் வந்ததற்குக் காரணம் ஒரு கேள்வி. லடாக்கில் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் டெலஸ்கோப் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே காவலூர் வெறும் 725 மீட்டர். மழைக்காலம் வந்தால் மாசக்கணக்கில் மேகம். அப்படியென்றால் இது எதற்கு இன்னும்? மூடிவிட வேண்டியதுதானே? நேயர் ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் தேடிப் போனபோது, நான் எதிர்பார்க்காத ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அமெரிக்காவில், சிகாகோவுக்குப் பக்கத்தில், கான்கிரீட் சுவர் போட்ட ஓர் அறை. அங்கே போவதற்கு முன்னால் நாம் சென்னை நுங்கம்பாக்கத்தைத் தாண்டணும்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு கல்தூண்

நுங்கம்பாக்கத்தில் மழை வருமா வராதா என்று சொல்கிற வானிலை ஆய்வு மையம் தெரியும் இல்லையா? டிசம்பர் வந்தால் டிவியில் தினமும் வருகிற அதே ஆபீஸ். அந்த வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. 1792-ல் மெட்ராஸ் வானாய்வகம் கட்டப்பட்டபோது அதன் டெலஸ்கோப்பைத் தாங்க நிறுத்தியது. தமிழிலும் அதில் கல்வெட்டு உண்டு. 1899-ல் வானியல் வேலை கொடைக்கானலுக்குப் போனது. நுங்கம்பாக்கம் வானிலைக்கு மாறியது. அதாவது அந்த இடம் சாகவில்லை, வேறு வேலைக்குப் போனது. இந்த எபிசோடில் இது முதல் உதாரணம். மனசில் வைத்துக்கொள்ளுங்க.

அந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்ஸன், 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க மசூலிப்பட்டினத்தில் முகாம் போட்டிருந்தார். பிரெஞ்சுக்காரர் ஜூல் ஜான்ஸன் பக்கத்திலேயே குண்டூரில். சூரிய விளிம்பிலிருந்து வந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் மஞ்சள் கோடு இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், ஆனால் சரியாக அங்கே இல்லை. போக்ஸன் அதைக் கவனித்துத் தன் அறிக்கையில் எழுதினார். அந்த அறிக்கையை வெளியுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் கிரகணம் இல்லாமலேயே அந்தக் கோட்டைப் பார்த்தார். பூமியில் அதுவரை யாரும் பார்க்காத ஒரு தனிமம் என்ற முடிவுக்கு வந்தார். அதுதான் ஹீலியம்.

பூமியில் அது 1895-ல்தான் வில்லியம் ராம்சே கையில் சிக்கியது. 1908-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னெஸ் அதைத் திரவமாக்கினார். மைனஸ் 269 டிகிரி. மூன்று வருஷம் கழித்து, அந்தக் குளிரில் பாதரசத்தின் மின்தடை காணாமல் போவதை அவரது ஆய்வகம் கண்டது. மீகடத்தல் என்று நாம் பள்ளியில் படித்தது இதைத்தான்.

ஃபிளாஸ்க்குக்குள் ஊஞ்சல்

இனி சிகாகோ. அங்கே ஃபெர்மிலாப் என்ற ஆய்வகத்தில் பிப்-2 என்று ஒரு புதிய துகள் முடுக்கியைக் கட்டுகிறார்கள். சுமார் 215 மீட்டர் நீளம். நியூட்ரினோக்களை உண்டாக்கி, 1,300 கிலோமீட்டர் தூரத்தில் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கத்தின் ஆழத்துக்கு அனுப்புகிற திட்டத்துக்கு இதுதான் முதல் படி. நியூட்ரினோ என்றதும் நம்ம ஊரில் தேனி ஞாபகம் வரும். அந்த விவாதத்துக்கு ஒரு தனி எபிசோடே வேணும், இன்னிக்கு அதைத் தொடவில்லை.

துகளை எப்படி வேகப்படுத்துவது? ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி. ஒவ்வொரு முறை வரும்போதும் சரியான நேரத்தில் ஒரு தள்ளு. அந்தத் தள்ளைக் கொடுப்பது கேவிட்டி என்கிற உலோகக் குடுவைக்குள் இருக்கும் மின்புலம். செம்பில் குடுவை செய்தால் உள்ளே செலுத்தும் மின்சக்தியில் பெரும்பகுதி சூடாகப் போய்விடும். நியோபியத்தில் செய்து, 2 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர வைத்தால் அந்த இழப்பு ஏறக்குறைய இல்லாமல் போகும். ஆக, பல கேவிட்டிகளை வரிசையாகக் கோத்து, திரவ ஹீலியம் ஊற்றி, சுற்றிலும் வெற்றிடம் விட்டு ஒரு பிரம்மாண்ட ஃபிளாஸ்க் செய்கிறார்கள். அதற்குப் பெயர் கிரையோமாட்யூல். பிப்-2-க்கு இப்படி ஐந்து வகையில் 23 வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். 23 ஃபிளாஸ்க்குகளும் சுரங்கப்பாதைக்குள் ஒரே வரிசையில் நிற்கும். நடுவில் ஒன்றில் கோளாறு வந்தால் டக்கென்று கழற்றிவிட முடியாது. மெதுவாக அறை வெப்பத்துக்குக் கொண்டுவரணும், திறக்கணும், தூசு இல்லாத அறைக்குக் கொண்டுபோகணும், திரும்பக் குளிர வைக்கணும். கேவிட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் தூசு விழுந்தால் போதும், அந்த இடத்திலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வரும், சூடு ஏறும். 2 கெல்வினில் 1 வாட் சூட்டை வெளியே எடுக்க, மேலே குளிர்விக்கும் ஆலையில் பல நூறு வாட் செலவாகும். அதனால் எதையும் உள்ளே வைப்பதற்கு முன்னால் வெளியே பரீட்சை வைத்தாகணும்.

ஒத்திகை மேடை, பரீட்சை ஹால்

முதலில் அவர்கள் ஒரு சின்ன முடுக்கியே கட்டினார்கள். பெரிய மெஷினின் முதல் சில பகுதிகள் மட்டும்: அயனிகளை உண்டாக்கும் கருவி, முதல் தள்ளு கொடுக்கும் பகுதி, அப்புறம் இரண்டு கிரையோமாட்யூல்கள். சுற்றிக் கனமான கான்கிரீட் சுவர். இந்த வேலை நமக்கு வருமா என்று பார்க்க ஒரு முழு ஒத்திகை. இரண்டு கிரையோமாட்யூல்களில் ஒன்றை ஆர்கான் ஆய்வகம் செய்தது. இன்னொன்றில் இருந்த எட்டுக் கேவிட்டிகளுக்குள் இந்தியாவிலிருந்து போனதும் இருந்தது. ஒத்திகை வெற்றி. 2021-ல் கற்றைச் சோதனைகள் முடிந்தன.

முடிந்ததும் அந்த அறை என்ன ஆகும்? வழக்கமாக நாம் என்ன செய்வோம்? பூட்டுப் போடுவோம். அல்லது ஒரு போர்டு மாட்டி மியூசியம் ஆக்குவோம். அவர்கள் அதைக் கிரையோமாட்யூல் சோதனைக்கூடமாக மாற்றினார்கள்.

மாற்றுவது என்றால் என்ன என்று படிக்கப் படிக்க எனக்குச் சுவாரசியம் கூடிக்கொண்டே போனது. முன்பகுதிக் கருவிகள் தேவையில்லை, ஏனென்றால் இந்தப் பரீட்சைக்குத் துகள் கற்றையே வேண்டாம். அவற்றைக் கழற்றினார்கள். ஆனால் காயலான் கடைக்குப் போடவில்லை, பெரிய மெஷினில் அவைதான் முன்பகுதியாகப் போகும். கான்கிரீட் சுவர் அப்படியே நின்றது. கற்றை இல்லாவிட்டாலும் அது தேவை. வலுவான மின்புலம் கேவிட்டியின் சுவரிலிருந்து எலக்ட்ரான்களை இழுக்கும், அவை மோதும் இடத்தில் எக்ஸ்-கதிர் பிறக்கும்.

உண்மையான தலைவலி குழாய்கள். பழைய இரண்டு மாட்யூல்களுக்கு ஏற்ற மாதிரி திரவ ஹீலியக் குழாய்கள் வந்து நின்றன. புதிதாக வரும் மாட்யூல் நீளத்தில் வேறு, இணைப்பு வாய்களும் வேறு. வீட்டில் புது கேஸ் அடுப்பு வாங்கினால் பழைய டியூப் பொருந்தாது இல்லையா, அதே கதைதான், மைனஸ் 271 டிகிரியில். இடைப்பட்ட இணைப்புகளைப் புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தது. அதிர்வெண்ணும் மாறியது. ஒத்திகையில் 162.5, 325 மெகாஹெர்ட்ஸ். அடுத்து பரீட்சைக்கு வந்ததோ 650 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல். அதற்கு வேறு ஆம்ப்ளிஃபையர்கள். பிப்-2-க்கு இந்திய அணுசக்தித் துறை தரும் பங்களிப்பில் கேவிட்டிகள், ஹீலியம் குளிர்விக்கும் ஆலை இவற்றோடு ஆம்ப்ளிஃபையர்களும் உண்டு.

எல்லாம் மாட்டியதும் பரீட்சை. குளிரக் குளிர உலோகம் சுருங்கும். எங்கேயாவது கசிகிறதா? ஒவ்வொரு கேவிட்டியும் சொன்ன அதிர்வெண்ணில் நிற்கிறதா? எவ்வளவு சூடு உள்ளே கசிகிறது? பக்கத்தில் பம்ப் ஓடினால் அந்த அதிர்வில் ஊஞ்சலின் தாளம் தப்புகிறதா?

இதில் பயணமும் ஒரு பாடம். சில மாட்யூல்கள் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் கட்டப்பட்டுக் கடல் தாண்டி வரணும். சுமார் 10 மீட்டர் நீளம், உள்ளே அவ்வளவு நுணுக்கம். அதனால் முதலில் மாட்யூலுக்குப் பதிலாக ஒரு போலிச் சுமையை வைத்து அனுப்பிப் பார்த்தார்கள். பிறகு நிஜமான முன்மாதிரி மாட்யூலையே இங்கிலாந்துக்கு அனுப்பித் திரும்ப வரவழைத்தார்கள். போய் வந்தது தாங்குகிறதா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் ஒரு பயணம்!

கற்றுக்கொண்டவர்கள் கையில்

சரி, இதெல்லாம் அமெரிக்காவின் கதை, நமக்கென்ன? டெல்லிக்கு வாங்க. அங்கே பல்கலைக்கழகங்களுக்கான பொது முடுக்கி மையம் இருக்கிறது. பெல்லட்ரான் என்கிற முடுக்கி அங்கே 1990-களின் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. அதோடு மீகடத்திக் கேவிட்டிகளைச் சேர்த்து சக்தியைக் கூட்ட நினைத்தபோது, நியோபியத்தை வளைக்கவும் பற்றவைக்கவும் இங்கே அனுபவம் கிடையாது. ஆர்கான் ஆய்வகத்தோடு சேர்ந்து வடிவமைத்தார்கள். முதல் தொகுதி அங்கேதான் உருவானது. அப்புறம் டெல்லியிலேயே பட்டறையும் சோதனைத் தொட்டியும் அமைத்து, தாங்களே செய்யப் பழகினார்கள். பின்னாளில் ஃபெர்மிலாப்புக்கான கேவிட்டிகளும் அந்தப் பட்டறையில் உருவாயின. பாடம் சொல்லிக்கொடுத்த ஊர் ஆர்கான். சிகாகோவின் ஒத்திகை அறையில் ஆர்கானின் மாட்யூலும் இந்தியக் கேவிட்டியும் ஒரே வரிசையில் நின்றன.

சோதனைக்கூடத்துக்கு ரிப்பன் வெட்டும் போட்டோ கிடைக்காது. "உலகின் மிகப் பெரிய" என்று தலைப்புப் போட முடியாது. ஆனால் தப்பு செய்தால் மன்னிக்கிற இடம் அது ஒன்றுதான். தப்பு செய்து பழக இடமில்லாத நாடு, மெஷினை வாங்கலாம். கட்ட முடியாது.

இப்போ காவலூருக்குத் திரும்பி வரலாம். 1960-ல் கொடைக்கானலுக்குத் தலைவராக வந்த வைணு பாப்பு, இரவு வானத்துக்கு இடம் தேடி இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். நேராகப் பெரிய டெலஸ்கோப் வைக்கவில்லை. 1968-ல் தாங்களே செய்த 38 சென்டிமீட்டர் கருவியோடு ஆரம்பித்தார்கள். 1972-ல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து 1 மீட்டர் ஸைஸ் டெலஸ்கோப் வந்தது. அந்த வருஷமே வியாழனின் துணைக்கோள் கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் இங்கே பதிவானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு முன்பே நட்சத்திர ஒளி சட்டென்று குறைந்ததை ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பிடித்தார்கள். முதலில் அதைப் புதிய துணைக்கோள் என்றே நினைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அவை யுரேனஸின் வளையங்கள். விமானத்தில் டெலஸ்கோப்போடு பறந்த அமெரிக்கக் குழுவும் அதே இரவில் கண்டதுதான் அது.

இவ்வளவு பழகிய பிறகுதான் 2.34 மீட்டர் கண்ணாடியை இந்தியாவிலேயே தேய்த்து, டெலஸ்கோப்பையும் இங்கேயே கட்டினார்கள். 1986 ஜனவரி 6-ல் ராஜீவ் காந்தி அதற்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1982-லேயே இறந்துவிட்டார்.

இன்றைக்கும் இந்த டெலஸ்கோப்கள் வேலை செய்கின்றன. நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்க்கிறார்கள். மாணவர்கள் முதல் முறையாக ஓர் இரவு முழுக்க டெலஸ்கோப்போடு உட்கார வருகிறார்கள். புதிதாகச் செய்த கருவியை மாட்டிப் பார்க்க லடாக் வரை போகவேண்டாம், பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் இங்கே. ஒரு போல்ட் மறந்துபோனால் மறுநாள் எடுத்து வரலாம். ஹான்லேயில் அந்த போல்ட்டுக்கு விமானம் ஏறணும்.

அந்த நேயருக்கு என் பதில் இதுதான். மேகம் மூடுகிற மலைதான், ஒத்துக்கிறேன். ஆனால் ஹான்லேக்குப் போகிற கைகள் பழகுகிற இடம் வேண்டும். அதற்குக் காவலூரை மூடக்கூடாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு மழை விட்டது, மேகம் விடவில்லை. கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டே, "ஜனவரியில வாங்க தம்பி, மேகம் இருக்காது" என்றார். வரேன்னு சொல்லியிருக்கேன். சென்னையில் இருக்கிறவங்க அதற்குள் நுங்கம்பாக்கம் பக்கம் போனால் அந்தக் கல்தூணை ஞாபகம் வச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.