இங்கிலாந்து கிராமத்தில் கட்டட மனு



"என் நிலத்தில் நான் வீடு கட்ட யார் உத்தரவு வேணும்?" என்று கேட்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்குச் சட்டம் என்ன பதில் சொன்னது, அதில் ஊராரின் பேச்சுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

அங்கே கிராமத்தின் நிர்வாக எல்லைக்குப் 'பாரிஷ்' என்று பேர். முதலில் அது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த எல்லை. நம்ம பக்கத்துக் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்று சொல்கிறார்களே, அது மாதிரி. ஊர்க் காரியங்களும் தேவாலயக் கூட்டத்திலேயே நடந்து வந்தன. பாதிரியாருக்கும் பெரிய நிலக்காரர்களுக்கும் அங்கே செல்வாக்கு அதிகம். 1894-ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. 300 பேரும் அதற்கு மேலும் உள்ள கிராமப் பாரிஷ்களில் தேர்தல் வைத்துக் கவுன்சில் அமைத்தார்கள். பெண்களும் அதில் உறுப்பினராக நிற்கலாம் என்று ஆயிற்று. நம்ம ஊராட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்போது கட்டட அனுமதி என்ற பேச்சே கிராமத்தில் பெரிதாக இல்லை. மோட்டார் வண்டி பெருகின பிறகுதான் வந்தது வினை. பட்டணத்தை விட்டு வெளியே ரோட்டு ஓரமாகவே வீடுகள் நீண்டுகொண்டு போயின. நல்ல விளைநிலம் மனைக்கட்டாகப் போயிற்று. இதைக் கட்டுப்படுத்த 1935-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அது போதவில்லை. 1947-இல் பெரிய சட்டம் வந்தது. 1948 ஜூலை 1 முதல் அமலானது. அதன்படி, நிலம் சொந்தம் என்பதால் மட்டும் கட்டடம் எழுப்ப முடியாது, அனுமதி வாங்க வேண்டும். ஆனால் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பண்ணைக் கொட்டகைகளுக்கும் சில சலுகைகள் உண்டு.

அனுமதி கொடுக்கும் அதிகாரம் பாரிஷுக்குப் போகவில்லை, மேலே உள்ள கவுன்சிலுக்குப் போயிற்று. 1974-இல் மாவட்டக் கவுன்சில்கள் அந்த வேலையைப் பெரும்பாலும் ஏற்றபோது, பாரிஷுக்கு ஒரு உரிமை கிடைத்தது. தன் எல்லைக்குள் வரும் மனுக்களைத் தனக்குத் தெரியப்படுத்தும்படி அது கேட்டு வாங்கலாம். முடிவு செய்யும் உரிமை இல்லை, கருத்துச் சொல்லும் உரிமை மட்டுந்தான்.

இது எப்படி நடக்கிறது? மனு வந்ததும் அந்த இடத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள், அல்லது பக்கத்து வீட்டாருக்குக் கடிதம் போடுவார்கள். கருத்துச் சொல்ல 21 நாள் கெடு. பாரிஷ் கவுன்சில் மாதம் ஒருமுறைதான் கூடுகிறது என்றால் கெடு தாண்டிவிடும். அதனால் தனிக் கூட்டம் போடுவதும் உண்டு. கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்னதாகவே அறிவிப்பு ஒட்ட வேண்டும். பொதுஜனங்களும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். மனுவில் பண ஆதாயம் உள்ள உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் கவனிக்கணும். "அவன் சரியில்லாத ஆளு", "என் வீட்டு விலை குறைஞ்சு போகும்", "ஜன்னல் வழியா மலை தெரியாது" என்றெல்லாம் எழுதினால் அது செல்லாது. பாதை குறுகல், மழைத் தண்ணீர் வடிய வழியில்லை, வெள்ளம் ஏறும் இடம், பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் போய்விடும் என்று காரணம் காட்டினால் அதிகாரி எடை போட்டுப் பார்த்தாக வேண்டும். சின்ன மனுவுக்கு 8 வாரத்திலும், பெரிய மனுவுக்கு 13 வாரத்திலும் முடிவு சொல்வது சாதாரண முறை. மறுத்துவிட்டால் மனுதாரர் அப்பீல் போகலாம். கொடுத்துவிட்டாலோ, எதிர்த்த பாரிஷுக்கு அப்பீல் கிடையாது. ஆகவே சொல்ல வேண்டியதைக் கெடுவுக்குள் சொல்லிவிட வேண்டும்.

மனு வந்த பிறகு பேசுவது ஒன்று. வருவதற்கு முன்பே வழி வகுத்து வைப்பது இன்னொன்று. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் இடம் கொடுத்தது. ஊராரே தங்கள் பகுதிக்குத் திட்டம் எழுதி, ஓட்டெடுப்பில் நிறைவேற்றலாம். இங்கிலாந்தின் வடக்கே கம்ப்ரியாவில் மேல் ஈடன் என்ற பள்ளத்தாக்கு. ஆடு மாடு வளர்க்கும் பூமி. அங்கே 17 பாரிஷ்கள் ஒன்று சேர்ந்து திட்டம் எழுதின. பண்ணையிலேயே வீடு கட்டிக்கொள்வதற்கும் அதில் தனி விதி வைத்தார்கள். பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமல் இருக்க வேண்டுமே! 2013 மார்ச் 7-இல் ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 90 பேர் சரி என்றார்கள். நாட்டிலேயே முதன்முதலில் ஓட்டெடுப்பில் தேறிய திட்டம் அதுதான். அப்படித் தேறிய திட்டம் சட்டப்படி செல்லும்; மேலே உள்ள கவுன்சில் தகுந்த காரணம் இல்லாமல் அதை மீறி முடிவு செய்ய முடியாது.

1894-இல் ஊருக்குக் கூடிப் பேச ஒரு சபை. 1974-இல் தெரிந்துகொள்ள உரிமை. 2011-இல் திட்டம் எழுத உரிமை. 117 வருஷத்தில் மூன்று படி. அதிகாரம் மேலேதான் இருக்கிறது. ஆனாலும் ஊரார் காலத்தோடு கூடி, கோபத்தை விட்டுக் காரணத்தை எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதத்தை யாரும் லேசில் ஒதுக்க முடியாது.